ஏதென்ஸில் வாக்குரிமை: ஊர்ப்பதிவேட்டில் பெயர் ஏறுவதும் நீங்குவதும்

பழைய ஏதென்ஸில் பேரவையில் கை தூக்க வேண்டுமா, நீதிமன்றத்தில் நடுவராக உட்கார வேண்டுமா, பதவிக் குலுக்கலில் சேர வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஊர்ப்பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். கி.மு. 508-ஐ ஒட்டி அரசியல் சீர்திருத்தக்காரர் கிளிஸ்தனீஸ் கொண்டுவந்த ஏற்பாடு இது. மொத்தம் 139 ஊர்கள்.

எந்த ஊரில் பதிவது என்பதிலேயே ஒரு சிக்கல். குடியிருக்கும் ஊர் செல்லாது. தகப்பன் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான். நகரத்துக்குக் குடிபெயர்ந்து மூன்று தலைமுறை ஆனாலும் பழைய ஊர்க்காரர்கள்தான் தீர்ப்புச் சொல்வார்கள்.

கி.மு. 451-இல் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸின் சட்டம் வந்த பிறகு தாயும் தகப்பனும் இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தாக வேண்டும். ஆனால் பெண்கள் பெயரை எந்த ஊர்ப்பதிவேட்டிலும் எழுதவில்லை. பிறப்புச் சான்றிதழும் கிடையாது. இல்லாத ஆவணத்துக்கு என்ன செய்வது? சாட்சிகள்தான். தாய்வழி உறவினர், தந்தைவழி உறவினர், குலக்கூட்டத்தார், ஒரே இடுகாட்டில் பங்குள்ளவர்கள். இவர்களோடு பகை வந்தால் உரிமையும் ஆட்டம் காணும்.

18 வயதில் ஊரார் சத்தியம் செய்து வாக்களிப்பார்கள்: வயது சரியா, சுதந்திரப் பிறப்பா, முறையான பிறப்பா. பிறகு ஏதென்ஸின் 500 பேர் கொண்ட ஆட்சி மன்றம் மறுபடி சரிபார்க்கும். வயது குறைந்தவனைச் சேர்த்த ஊராருக்கு அபராதம். சுதந்திரப் பிறப்பு இல்லை என்று தள்ளப்பட்டவன் நீதிமன்றம் போகலாம். எதிர்த்து வாதாட ஊர் ஐந்து பேரை நியமிக்கும். தோற்றால் அவனை அடிமையாக விற்றுவிடுவார்கள். அதனால் மேல்முறையீட்டுக்கே பலர் அஞ்சியிருப்பார்கள்.

கி.மு. 346-345-இல் எல்லா ஊர்களிலும் பெயர்களை மறுபடி வாக்குக்கு விட்டார்கள். ஹாலிமூஸ் ஊரில் பெயர் நீக்கப்பட்ட யூக்ஸிதியஸ் நீதிமன்றத்தில் சொன்ன விவரம் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் பெயரில் உள்ள உரையில் இருக்கிறது. வாக்கெடுப்பை நடத்திய மன்ற உறுப்பினர் யூபுலிடீஸ் அவருக்கு வேண்டாதவர். கூட்டத்தை ஏதென்ஸ் நகரத்தில் வைத்து, பேச்சிலும் தீர்மானத்திலும் பகலைக் கழித்தார். பட்டியலில் அறுபதாவதை ஒட்டியிருந்த யூக்ஸிதியஸின் பெயரைக் கடைசியாக, இருட்டிய பிறகு அழைத்தார். ஊர் ஆறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்ததால் பெரியவர்கள் அதற்குள் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் முப்பதுக்கு மேல் இல்லை. எண்ணிப் பார்த்தால் அறுபதுக்கு மேல் வாக்குக் காய்கள்! விசாரணையை மறுநாளுக்குத் தள்ளிவைக்கும்படி அவர் கேட்டும் பலனில்லை. முன்பு இதே யூபுலிடீஸின் தகப்பன் ஊர்த்தலைவராக இருந்தபோது பதிவேடே தொலைந்ததாகச் சொல்லி மறுபதிவு நடந்தது. தொலைத்தவர் அதிகாரி, நிரூபிக்க வேண்டியவர்கள் ஊரார்.

பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு, நீக்கினால் மேல்முறையீடு: இவ்விரண்டும் இன்றைய மக்களாட்சிகளிலும் உண்டு. ஆகவே ஏதென்ஸின் பேரவையைப் படிப்பவர்கள் இந்தப் பதிவேட்டையும் படிக்க வேண்டும். உரிமை பறிபோனது பேரவையில் அல்ல, இந்தப் பதிவேட்டில்தான்.

யூக்ஸிதியஸுக்கு எதிராகக் கிளப்பிய சந்தேகங்களைப் பாருங்கள். தகப்பன் பேச்சில் வெளியூர் வாடை. போரில் பிடிபட்டு லூக்காஸ் தீவில் விற்கப்பட்டு, பல காலம் கழித்துத் திரும்பியவர் அவர். தாய் சந்தையில் ரிப்பன் விற்றார், வறுமையில் பிறர் பிள்ளைக்குப் பாலூட்டினார். சந்தைத் தொழிலைச் சொல்லி ஒரு குடிமகனையோ குடிமகளையோ இழிவுபடுத்தினால் தண்டனை என்று சட்டமே இருந்தது. அதை எடுத்துக்காட்டியே யூக்ஸிதியஸ் வாதாடினார்.