நெடும்பலகை: ‘லாங்போர்டு’ என்னும் சொல்லும் பொருளும்

அலைச்சறுக்குப் பயிற்சியைத் தொடங்கிச் சில நாள் ஆனவர், சொந்தமாக எந்தப் பலகையை வாங்கலாம் என்று கேட்டால், அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் ‘ஆல்ரவுண்ட் லாங்போர்டு’ என்றே விடை சொல்வார்கள். லாங்போர்டு என்பது இன்றைய வழக்கில் 9 அடியோ அதற்கு மேலோ நீளமும், அகன்று வளைந்த முனையும் உடைய அலைச்சறுக்குப் பலகையைக் குறிக்கும். போட்டி விதிகளும் 9 அடியையே கீழெல்லையாகக் கொள்கின்றன.

அலைச்சறுக்கு செழித்து வளர்ந்த ஹவாயில் இப்படி ஒரு பெயர் இருந்ததில்லை. அங்கே இந்த ஆட்டத்தின் பெயர் ‘ஹெஎ நலு’. ‘நலு’ என்றால் அலை, ‘ஹெஎ’ என்றால் சறுக்குதல். ஆகவே நம் இதழ்கள் எழுதும் ‘அலைச்சறுக்கு’, ‘சர்ஃபிங்’ என்ற ஆங்கிலச் சொல்லைவிட ஹவாய்ச் சொல்லுக்கே நெருக்கமாக அமைந்துவிட்டது. பலகைகளை ஹவாய் மக்கள் வகை வகையாகப் பெயரிட்டு அழைத்தார்கள். பெருந்தலைவர்களுக்கு உரியதாகச் சொல்லப்படும், 16 அடிக்கும் மேல் நீண்ட தடித்த பலகை ‘ஓலோ’ எனப்பட்டது. மெல்லிய, குறுகிய பலகை ‘அலாயா’ எனப்பட்டது. இவற்றுள் எதன் பெயரிலும் ‘நீளம்’ என்ற கருத்து இல்லை.

ஆங்கிலத்திலும் 1960களின் நடுப்பகுதி வரை ‘லாங்போர்டு’ என்று தனியே சுட்டவேண்டிய தேவை எழவில்லை, ஏனெனில் அன்று எல்லாப் பலகைகளும் நீளமானவையே. அமெரிக்க அலைச்சறுக்காளர் டாம் பிளேக் 1935இல் பலகையின் அடியில் ஃபின் (மீன்துடுப்பைப் போன்ற சிறு தகடு) பொருத்தியபோதும், 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டரும் கார்டன் கிளார்க்கும் பால்சா மரத்துக்கு மாற்றாகப் பாலியுரித்தேன் நுரையைக் கொண்டுவந்தபோதும், செய்யப்பட்டவை வெறும் ‘சர்ஃப்போர்டு’ என்றே அழைக்கப்பட்டன. 1966இல் சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியரான நாட் யங் வென்றது 9 அடி 4 அங்குலப் பலகையில்; அன்றைய கணக்கில் அது மெலிந்த பலகை, ஆனால் நீளத்தில் இன்றும் லாங்போர்டுதான். 1967 முதல் பாப் மெக்டாவிஷ் போன்ற வடிவமைப்பாளர்கள் பலகைகளின் நீளத்தைக் குறைக்கத் தொடங்க, மூன்றாண்டுகளுக்குள் 7 அடிக்கும் குறைவான பலகைகள் கடலை நிறைத்தன. புதியதற்கு ‘ஷார்ட்போர்டு’ என்று பெயர் வந்த பிறகே பழையதற்கு ‘லாங்போர்டு’ என்ற பெயர் தேவைப்பட்டது. அலைபேசி வந்தபின் பழைய தொலைபேசி ‘தரைவழித் தொலைபேசி’ ஆனதும் இதே முறையில்தான்.

இந்த வரலாறே தமிழ்ச் சொல்லைத் தேர்வதற்கும் வழிகாட்டுகிறது. ‘நீளப் பலகை’ என்றால் தச்சுப்பட்டறையில் கிடக்கும் எந்தப் பலகையையும் குறிக்கலாம். ‘நீள்பலகை’ ஓரளவு வழக்கில் நிற்கக்கூடியது; ஆனால் நீள்வட்டம், நீள்சதுரம் போன்ற சொற்களில் ‘நீள்’ என்பது வடிவத்தையே உணர்த்துவதால், படிப்பவர் செவ்வகப் பலகை என்று எண்ண இடமுண்டு. நமக்கு வேண்டியது, ஒன்றோடொன்று ஒப்பிட்டு நிற்கும் இரட்டைப் பெயர். அதற்குத் தமிழில் பழமையான முன்மாதிரி இருக்கிறது: 4 முதல் 8 அடி வரையுள்ள பாடல்களின் தொகை குறுந்தொகை, 13 முதல் 31 அடி வரையுள்ளவற்றின் தொகையான அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்று மற்றொரு பெயர். அங்கும் அடிக்கணக்கே பெயரைத் தீர்மானிக்கிறது (அது பாட்டின் அடி, இது அளவுகோலின் அடி என்பது வேறு). ஆகவே லாங்போர்டுக்கு நெடும்பலகை, ஷார்ட்போர்டுக்குக் குறும்பலகை என்பவையே பொருத்தமானவை. நுரையாலும் கண்ணாடியிழையாலும் ஆன பொருளைப் பலகை எனலாமா என்ற ஐயம் வேண்டியதில்லை. அறிவிப்புப் பலகை தகரத்துக்கு மாறியபோது நாம் அதன் பெயரை மாற்றவில்லை.

‘ஆல்ரவுண்ட்’ என்ற அடைமொழியே சற்றுத் தொல்லை தருவது. கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டரை இலங்கைத் தமிழ் இதழ்கள் ‘சகலதுறை வீரர்’ என்று எழுதுகின்றன, ஆனால் பலகைக்குத் துறைகள் கிடையா. ‘பல்நோக்கு’ என்பது மருத்துவமனைக்குப் பொருந்தும். பலகையின் நோக்கமோ ஒன்றே, வேறுபடுவன அலையும் ஆளும் மட்டுமே. நெடும்பலகைகளுள் ஒருவகை, அலையில் செல்லும்போதே பலகையின் முனைக்கு நடந்துசென்று நிற்பதற்கென்றே செய்யப்படுவது: அகன்ற முனை, அதன் அடியில் சிறு குழிவு, கனத்த உடல், ஒற்றை ஃபின். மற்றொரு வகை, குறும்பலகையைப் போல் விரைந்து திரும்புவதற்கானது: எடை குறைவு, முனை ஒடுக்கம், வளைவு மிகுதி. இரண்டுக்கும் இடைப்பட்டு, இடுப்பளவு அலையிலும் தலையளவு அலையிலும் ஓரளவு நன்றாகவே இயங்குவதுதான் ஆல்ரவுண்ட் லாங்போர்டு. அதைப் ‘பொதுப்பயன் நெடும்பலகை’ என்பது போதும்.

தொடக்கநிலையாளருக்கு இவ்வகையைப் பரிந்துரைப்பதன் காரணம் நீளத்தில் மட்டுமில்லை. நீளமும் அகலமும் தடிமனும் சேர்ந்து பலகையின் கனஅளவைத் தருகின்றன. அது லிட்டரில் கூறப்படும். கனஅளவு மிகுந்த பலகை ஆளை நன்றாக மிதக்கவிடும், கையால் துழாவும்போது விரைவில் வேகம் பிடிக்கும், எனவே அலை இன்னும் செங்குத்தாகாத நிலையிலேயே அதைப் பிடித்து, எழுந்து நிற்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். உடல் எடை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டர் அல்லது சற்று அதிகம் என்பது தொடக்கத்தில் கொள்ளத்தக்க கணக்கு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 9 அடி முதல் 9 அடி 6 அங்குலம் வரை நீளமும், 22½ முதல் 23 அங்குலம் வரை அகலமும், 3 அங்குலத்தை ஒட்டிய தடிமனும் உள்ள பலகை ஏறத்தாழ இக்கணக்கில் வந்து நிற்கும். இந்த எண்கள் பெரும்பாலும் பலகையின் அடிப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். நீளத்தை மட்டும் பார்த்து வாங்குவது தவறு, ஏனெனில் 9 அடி நீளமிருந்தும் மெலிந்த பலகை புதியவரைச் சுமக்கத் தடுமாறும்.

கடையில் ‘மாலிபு’, ‘மினி மால்’ என்ற பெயர்களும் காதில் விழும். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கை ஒட்டி ஆஸ்திரேலியா வந்த அமெரிக்க உயிர்காப்பு வீரர்கள் கொண்டுவந்த பால்சாப் பலகைகள், கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரைப் பெயராலேயே அங்கே வழங்கின. ஆகவே ஆஸ்திரேலியரின் ‘மாலிபு’ நெடும்பலகையேயாகும். அதே வடிவத்தில் 7 முதல் 8 அடி வரை குறுக்கியது ‘மினி மால்’. சிறிய உடலமைப்பு உடையவர்களுக்கு அது ஏற்றதாயினும், அதை நெடும்பலகை என்று விற்றால் மறுக்கலாம்.

உறுப்புகளின் பெயர்களில் முனை, வால், விளிம்பு என்பவை இயல்பாகவே பொருந்துகின்றன. ஃபின் என்பதைத் துடுப்பு என்று எழுதலாம், மீனின் துடுப்பு என்ற பொருளில் அது சரியே. ஆனால் படகின் துடுப்போடு குழம்பும் என்பதால் ஃபின் என்றே விடுவது நல்லது. பலகையை ஆளின் காலோடு பிணைக்கும் லீஷ் என்பதற்குக் ‘கால்கயிறு’ தெளிவான சொல். அது பலகையின் நீளத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும், ஏனெனில் குறுகிய கயிறு விழுந்தவர் மீதே பலகையை இழுத்து எறியும்.

சாலையில் ஓட்டும் நீண்ட ஸ்கேட்போர்டுக்கும் லாங்போர்டு என்றே பெயர். கலிபோர்னிய அலைச்சறுக்காளர்கள் அலையில்லாத நாள்களில் நடைபாதையில் அதே ஆட்டத்தை ஆட முயன்றதன் வழிவந்த விளையாட்டு என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் அதைச் ‘சறுக்குப் பலகை’ என்பாருண்டு, ஆனால் அது சறுக்குவதில்லை, உருள்கிறது. அதற்கு ‘நெடுஞ்சக்கரப் பலகை’ என்றால் சக்கரமே நெடியது என்று பொருள்பட்டுவிடும். ‘நெடிய சக்கரப்பலகை’ என்று பிரித்து எழுதி, நெடும்பலகை என்பதைக் கடலுக்கே ஒதுக்கிவிடலாம்.