கட்டர்: படக்கதையின் கட்ட இடைவெளி

படக்கதைப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே விடும் வெற்றுப் பட்டைக்குக் காமிக்ஸ் உலகில் கட்டர் (gutter) என்று பெயர். சில மில்லிமீட்டர் அகலம்தான், பெரும்பாலும் வெள்ளை. ஓவியர் அதில் எதையும் வரைவதில்லை. ஆனாலும் கதை நகர்வது அங்கேதான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'குட்டா' என்றால் துளி. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் வழிந்தோடும் பள்ளத்தைக் குறித்தது. அச்சுத் தொழிலில் பத்திகளுக்கு நடுவிலும், எதிரெதிர்ப் பக்கங்கள் சேரும் இடத்திலும் விடும் வெற்றிடத்துக்கு அந்தப் பெயர் வந்தது. காமிக்ஸ்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வெற்றிடத்தின் வேலையைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஸ்காட் மெக்ளவுட். 1993-இல் வெளிவந்த 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' நூலில் ஓர் உதாரணம் வரைந்திருப்பார். முதல் கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான், எதிரே இருப்பவன் பதறுகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நேர நகரம், வானில் ஓர் அலறல், அவ்வளவுதான். வெட்டு எங்கேயும் வரையப்படவில்லை. கோடரியை இறக்கியது வாசகர். அது எங்கே விழுந்தது, எவ்வளவு வேகமாக விழுந்தது என்பதெல்லாம் அவரவர் மனம் போட்டுக்கொண்ட கணக்கு. இதை மெக்ளவுட் 'குளோஷர்' என்கிறார். 'இட்டு நிரப்புதல்' என்று நாம் சொல்லலாம். சினிமாவில் காட்சி நம்மைக் கேட்காமல் ஓடிவிடும். இங்கே வாசகர் நிரப்பாவிட்டால் கதை நின்றுவிடும். படக்கதையைச் சிறுவர் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அகலமும் நிறமும்கூடப் பேசும். ஜப்பானியப் படக்கதையான மங்காவில் பக்கவாட்டு இடைவெளியை ஒடுக்கமாகவும் வரிசைகளுக்கு நடுவே உள்ளதை அகலமாகவும் விடுவது வழக்கம். கண் தானாக அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கும். இடைவெளி கறுப்பாக மாறினால், பெரும்பாலும் பழைய நினைவு.

தமிழில் எப்படிச் சொல்வது? அகராதியைப் பார்த்துச் 'சாக்கடை' என்று பெயர்ப்பது அபத்தம். வெறும் 'இடைவெளி' எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுச்சொல். 'பேனல்' என்பதைக் 'கட்டம்' என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதனால் 'கட்ட இடைவெளி' என்பதே பொருத்தம். "இந்தப் பக்கத்தில் கட்ட இடைவெளி கறுப்பு, நாயகன் பழசை நினைக்கிறான்" என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.