பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெரிய மனுஷி இல்லை

போன வாரம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டி வந்தார். பிள்ளைக்கு 12 வயது. வயதுக்கு வந்து ஏழு மாதத்தில் நாலு தடவைதான் மாதவிலக்கு வந்ததாம். மெடிக்கலில் கேட்டு ஏதோ மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரமாகக் கபடிக்கும் அனுப்பவில்லை. "பெரிய மனுஷி ஆயிட்டா, இனிமே என்ன டாக்டர் கபடி?" பிள்ளையின் முழங்காலில் காய்ந்த பொருக்குகூட இன்னும் உதிரவில்லை.

இந்த மாதம் இப்படி வந்த நாலாவது பிள்ளை இவள்.

"கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமே" என்பதுதான் எல்லா அம்மாக்களுக்கும் பயம். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையவே கிடையாது. உடம்பெல்லாம் ஓடும் அதே ரத்தம், கூடவே கருப்பையின் உள்தோல், அவ்வளவுதான். ஆரம்பத்தில் மாதாமாதம் சினைமுட்டை வெளிவராது. அது ஒழுங்குக்கு வர ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதுவரை 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும், சில சமயம் இன்னும் தள்ளியும் போகும். காலண்டரில் 28 நாள் எண்ணிக்கொண்டு பிள்ளையை மிரட்டாதீர்கள். முதல் மாதவிலக்குக்குப் பிறகும் பெரும்பாலான பிள்ளைகள் 5 முதல் 7 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். இடுப்பெலும்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை. இதில் பெரிய மனுஷி எங்கே வந்தாள்?

என் கிளினிக் வெளியறையில் கதைப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். இவள் கையில் இருந்தது ராபன்செல். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த அந்தக் கதையிலும் பெண்ணைக் கோபுரத்தில் அடைப்பது 12 வயதில்தான். 1812இல் வந்த முதல் பதிப்பில், "என் துணியெல்லாம் ஏன் இறுகிப்போகுது?" என்று அவள் வெள்ளந்தியாகக் கேட்பாள். கோபுரத்துக்கு ஒளிந்து வந்துபோகும் இளவரசனால் வயிற்றில் பிள்ளை வளர்வதே அவளுக்குத் தெரியாது; சொல்லித்தர யாருமில்லை. குழந்தைகள் படிக்கிற கதையில் இது ஆகாதென்று பிற்பாடு அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். இப்போது இந்தக் கதைகளைத் திருப்பி எழுதுகிறவர்கள் பெண்ணைக் கேட்க விடுகிறார்கள். நம் வீடுகளில் இன்னும் தனிமூலை, தனித்தட்டு, வாயைத் திறந்தால் "சும்மா இருடி".

உளுத்தங்களி கொடுங்கள், புட்டு கொடுங்கள், நல்லதுதான். பச்சை முட்டையை மட்டும் ஊற்றாதீர்கள், வேகவைத்துக் கொடுங்கள். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போட விடாதீர்கள். எட்டு வயதுக்கு முன்பே மார்பு அரும்பினாலோ, 15 வயதாகியும் மாதவிலக்கு வராவிட்டாலோ, வந்த பிறகு மூன்று மாதம் நின்றுபோனாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ டாக்டரிடம் வாருங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால் அன்றைக்கே வாருங்கள். மெடிக்கல் கடைக்காரர் டாக்டர் இல்லை. சடங்குக்கு வந்தவர்கள் மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். 18 வயதுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம்.

அப்புறம், உங்கள் பெண் ஐந்து நிமிடம் டாக்டரிடம் தனியாகப் பேசட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். பிள்ளை பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "கபடி ஆடுனா ரத்தம் ஜாஸ்தியா போவுமா டாக்டர்?"

"போகாது. தாராளமா ஆடு. அம்மாகிட்ட நான் சொல்றேன்."

"வேணாம் டாக்டர், நானே சொல்றேன்" என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.