விடுப்புச் செய்தியால் பறிபோன வேலை

காதுகேளாத இளைஞர்களை வேலைக்குத் தயார்ப்படுத்தும் பயிற்சியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். என்னிடம் பயின்று ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் சேர்ந்த இளைஞர், இரண்டாம் மாதமே வேலையை இழந்து திரும்பி வந்தார். காரணம் கேட்டபோது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். மேற்பார்வையாளருக்கு அவர் அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியில் மூன்றே சொற்கள் இருந்தன: 'நாளை வேலை இல்லை'. அதற்கு வந்திருந்த பதில்: 'இருக்கு, வா'.

'நாளை என்னால் வேலைக்கு வர இயலாது' என்பதே அவர் சொல்ல நினைத்தது. 'நாளைக்கு வேலை இல்லையா?' என்று கேட்பதாக மேற்பார்வையாளர் எடுத்துக்கொண்டார். எது இருக்கிறது, யார் வர வேண்டும் என்று விளங்காவிட்டாலும், தகவல் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியில் இளைஞர் ஊருக்குப் போய்விட்டார். சொல்லாமல் விடுப்பு எடுத்ததாகப் பதிவாயிற்று. இதே போல மூன்று முறை நடந்ததும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அவருடைய கைவேலையில் ஒரு குறையும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

பிறவியிலேயே காதுகேளாத பலருக்கு இந்தியச் சைகை மொழிதான் இயல்பான மொழி. தமிழ் என்பது பள்ளிப் புத்தகத்தின் வழியே கற்ற இரண்டாம் மொழி. சைகை மொழியில் மறுப்பு வாக்கியத்தின் இறுதியில் வரும். நம்முடைய வேற்றுமை உருபுகளும் வினைமுற்று விகுதிகளும் அதில் இதே வடிவில் இல்லை. ஆமா, இல்லையா என்று கேட்கும் கேள்வியைப் புருவத்தின் அசைவு காட்டிக்கொடுத்துவிடும். வாட்ஸ்அப்பில் புருவம் ஏது? இத்தகைய எழுத்தைப் பார்த்தவுடன் 'அறிவு மட்டு' என்று முடிவு கட்டும் மனிதவள அலுவலர்களை நிறையவே சந்தித்திருக்கிறேன். மொழி வேறு, அறிவு வேறு என்பதை விளக்குவதற்கே முதல் சந்திப்பு கழிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதை நானே வெகு தாமதமாகத்தான் உணர்ந்தேன். பேச்சுத்தமிழ் காதால் கற்கப்படுவது. 'வரல', 'பாத்துக்கலாம்', 'செட் ஆகல' என்பவை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாததால், 'வரவில்லை' என்பதைப் பிழையின்றிப் படிக்கும் ஒருவர் 'வரல' என்ற இடத்தில் தடுமாறி நின்றுவிடுகிறார். மேற்பார்வையாளர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்கிறவராக இருந்துவிட்டால், சொல்லவே வேண்டாம். 'பாத்துக்கலாம்' என்பது சம்மதமா, மறுப்பா என்பது நமக்கே பல நேரங்களில் தெரிவதில்லை!

ஆனால் வேலைக்கு முந்தைய பயிற்சி என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்வது, கைகுலுக்குவது, சட்டையை உள்ளே விட்டுக்கொள்வது என்று நேர்காணல் அறையின் வாசலோடு நின்றுவிடுகின்றன. பணி ஆணை கைக்கு வந்ததும் புகைப்படம் எடுத்து, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். என் அனுபவத்தில் வேலை பறிபோவது நேர்காணலில் அல்ல, முதல் மூன்று மாதங்களில், வேலையைச் சுற்றியுள்ள சிறு காரியங்களில்.

சம்பளச் சீட்டு அப்படிப்பட்ட ஒன்று. சொன்ன தொகை வேறு, வங்கியில் விழுந்த தொகை வேறு என்றவுடன் ஏமாற்றிவிட்டார்கள் என்று நின்றுவிட்டவர்கள் உண்டு. வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் பிடிக்கப்படுவதையும், அந்தப் பணம் எங்கே சேர்கிறது என்பதையும் உண்மையான ஒரு சீட்டை மேசையில் விரித்து வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினால், அரை மணி நேரத்தில் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு இ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான ஊதிய வரம்பு 21,000 ரூபாய் அல்ல, 25,000 ரூபாய் என்பதைச் சில கணக்குப் பிரிவினருக்கே நாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோரின் முதல் கேள்வியோ, வேலைக்குப் போனால் மாத உதவித்தொகை நின்றுவிடுமா என்பதுதான். அந்தந்தத் திட்டத்தின் விதியைப் பார்த்து, சேர்வதற்கு முன்பே தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

பயிற்சி இளைஞருக்கு மட்டும் போதாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு வேலைகளில் 4 சதவீத இடஒதுக்கீடு தரும் அந்தச் சட்டம், அதில் 1 சதவீதத்தைக் காதுகேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் தருகிறது. அதன் விதிகளின்படி, 20 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் தனியார் நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்து தரும் வசதிகளைக் குறிப்பிட்டுச் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். கொள்கை எழுதிய கோப்பு பல இடங்களில் இருக்கிறது. ஷிப்ட் மேற்பார்வையாளர் அதைப் பார்த்ததில்லை. ஆகவே, ஆள் சேருவதற்கு முன் அந்த மேற்பார்வையாளரிடம் அரை நாள் கேட்டு வாங்குகிறோம். பின்னாலிருந்து கூப்பிடாமல் எதிரே வந்து நின்று தோளைத் தொடுவது, தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கையும் பொருத்துவது, பாதுகாப்பு வகுப்பின்போது சைகை மொழிபெயர்ப்பாளரைக் காணொளியிலாவது இணைப்பது ஆகியவற்றை அந்த அரை நாளில் செய்து காட்டுகிறோம். இவற்றில் செலவு பிடிப்பது மிகக் குறைவு.

வேலையை இழந்த அந்த இளைஞரை வேறோர் இடத்தில் சேர்த்தபோது, அவருடைய கைப்பேசியிலும் புதிய மேற்பார்வையாளருடைய கைப்பேசியிலும் ஒரே வாக்கியத்தைச் சேமித்துக் கொடுத்தோம்: 'நான் நாளை வேலைக்கு வரமாட்டேன். காரணம்:'. பதில் 'சரி' அல்லது 'முடியாது' என்ற இரண்டில் ஒன்றாக, தமிழ் எழுத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டோம். சென்ற மாதம் அவர் விடுப்புக் கேட்டதற்கு 'முடியாது' என்றே பதில் வந்தது. மறுநாள் சரியான நேரத்தில் வேலைக்குப் போய்விட்டு, மாலையில் அந்தப் பதிலைப் படமெடுத்து, முறைக்கும் முகப்படம் ஒன்றையும் சேர்த்து எனக்கு அனுப்பியிருந்தார்.