தொட்டி மாற்றியதும் தண்டு கறுக்கிறதா? விரலால் அழுத்திப் பாருங்கள்

ஓசூர்ப் பக்க நர்சரிகளில் செடி வாங்கி, வீட்டில் தொட்டி மாற்றியவர்கள் சில வாரம் கழித்து எனக்கு அனுப்பும் போட்டோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பெரிய புதுத் தொட்டி, சொதசொதவென்று மண், தண்டின் அடியில் பழுப்போ கறுப்போ. கூடவே, "என்ன மருந்து அடிக்கலாம் சார்?"

மருந்து அப்புறம். முதலில் அந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். காய்ந்த பட்டை மாதிரி கெட்டியாக இருந்தால் அது தண்டு முற்றுவது; ஜேட் செடிக்கு வயதானால் அப்படித்தான் ஆகும். ஸீஸீ செடியின் காம்பில் கரும்புள்ளிகள் இயல்பிலேயே உண்டு. நோய் என்று நினைத்து அதை வெட்டி எறிகிறவர்களும் இருக்கிறார்கள்! கொழகொழவென்று அமுங்கி நாற்றமும் அடித்தால்தான் அழுகல். அப்போது நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

செடியை வெளியே எடுத்து ஒரு வேரை இழுத்துப் பாருங்கள். அழுகிய வேரின் மேல்தோல் உறை போலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். காரணம் பெரும்பாலும் நம் கைதான். ஆடாமல் நிற்கட்டும் என்று தண்டைப் பழைய மட்டத்தைவிட ஆழமாகப் புதைக்கிறோம். வெறும் செம்மண்ணை நிரப்புகிறோம். தொட்டிக்குள் அது இறுகி, வேருக்குக் காற்று போகாது. வாடியதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம்.

தண்டு கெட்டியாக இருந்து வேர் மட்டும் போயிருந்தால், கெட்டதை நறுக்கிவிட்டுச் சிறிய தொட்டியில், கோகோபீட்டும் (தென்னை நார்க்கழிவு) மணலும் கலந்த மண்ணில், பழைய மட்டத்திலேயே நடுங்கள். தண்டே அழுகியிருந்தால் அடிப்பகுதியை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டுவாயில் பழுப்பு வளையம் மறையும் வரை மேலே போங்கள். மணி பிளான்ட் என்றால் கணுவோடு தண்ணீரில் போடலாம். ஜேட், ஸ்நேக் பிளான்ட் துண்டுகளை நிழலில் சில நாள் காயவிட்டே நட வேண்டும். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் கலந்து ஊற்றலாம். மிச்சத்தைக் காக்க அது உதவும், அழுகியதை மீட்காது. புதுத் துளிர் வரும் வரை உரம் வேண்டாம்.

தண்டு நன்றாக இருந்து, டிரசீனாவிலோ ஸ்பைடர் பிளான்ட்டிலோ இலை நுனி மட்டும் கருகினால் தண்ணீரையும் சந்தேகப்படுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல இடங்களில் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் குறையும்; புளோரைடு அப்படியே இருக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. இந்த இரண்டு செடிக்கும் மழைத் தண்ணீர் ஊற்றுங்கள், புளோரைடு கலந்திருக்கும் சூப்பர் பாஸ்பேட் உரம் போடாதீர்கள்.