தாழ்வாரம், இறவாரம், அடிவாரம்

சேலத்தில் வீட்டின் முன்பக்கம் ஓடு போட்டு ஒரு சாய்ப்பு இறக்க நினைத்தால், ஒரே வேலையை இரண்டு விதமாகச் சொல்லக் கேட்கலாம். வரைபடம் போடுகிறவர் போர்டிகோ, ஓவர்ஹாங், ரீப்பர் என்பார். ஓடு மேய வருகிறவர் தாவாரம், எறவாணம் என்பார். இந்தப் பின்னவை ஏதோ கொச்சை என்று இளையவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. தாவாரம் என்பது தாழ்வாரம். எறவாணம் என்பது இறவாணம், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு, இறவாரம் என்றும் வழங்குவது. அகராதியில் இடம்பெற்ற, பொருள் தெளிவான சொற்கள்தான் இவை.

முதலில் 'வாரம்' என்பதைப் பார்ப்போம். ஏழு நாள் கொண்ட வாரம் வடமொழி வழி வந்தது. விளைச்சலைப் பங்கு பிரிக்கிற வாரம், 'காட்டை வாரத்துக்கு விட்டிருக்கிறேன்' என்கிறோமே, அது வேறு. மூன்றாவதாக ஒரு வாரம் இருக்கிறது: சரிவு, சாய்ந்து இறங்கும் பக்கம், மலைச்சாரல். நமக்கு இதைக் காட்ட அகராதியே வேண்டாம். ஏற்காடு பேருந்தில் ஏறி 'அடிவாரம் ஒண்ணு குடுங்க' என்று டிக்கெட் கேட்கிறோம் இல்லையா, அந்த வாரம்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, சேர்வராயன் மலைச் சரிவு தரையைத் தொடும் இடம் அடிவாரம். வீட்டுக் கூரையின் சரிவு தாழ்ந்து இறங்கி வரும் பகுதி தாழ்வாரம். மலைக்கும் வீட்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

தாழ்வாரம் முதலில் கூரையைத்தான் குறித்திருக்க வேண்டும். பிறகு அந்தக் கூரைக்குக் கீழே உள்ள இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. திண்ணையை ஒட்டிய நிழல், முற்றத்தைச் சுற்றி நடக்கிற வழி, கொல்லைப்புறச் சாய்ப்பு எல்லாம் இன்று தாழ்வாரம்தான்.

இறவாரத்தில் உள்ள 'இற' என்ன? இறத்தல் என்றால் கடத்தல், எல்லை தாண்டிப் போதல். கடந்துபோன காலத்தை இறந்த காலம் என்று இலக்கணம் சொல்வதும் இந்தப் பொருளில்தான். சுவரைக் கடந்து வெளியே நீளும் கூரைச் சரிவு இறவாரம் என்று பொருள் கொண்டால் சொல்லும் பொருளும் சரியாகப் பொருந்துகின்றன. சங்கப் பாட்டில் இதற்கு இன்னும் சின்னப் பெயர் இருக்கிறது: இறை. புறநானூற்றின் 129ஆம் பாட்டு 'குறியிறைக் குரம்பைக் குறவர் மாக்கள்' என்று தொடங்குகிறது. குட்டையான இறவாரம் கொண்ட குடிசைகளில் வாழும் மலைக் குறவர்கள் என்பது பொருள். இந்த இறையை உரைகாரர்கள் 'இறப்பு' என்று விளக்குவார்கள். மலைவீட்டுக்கு இறவாரம் குறுகியிருப்பதில் ஒரு கட்டடக் காரணமும் உண்டு. சுவருக்கு வெளியே அதிகம் நீண்டால் கீழிருந்து எழும் காற்று முதலில் அதைத்தான் தூக்கும். அந்தப் பாட்டு அதைச் சொல்ல வரவில்லை. ஆனால் ஏற்காட்டில் கூரை போடுகிறவருக்கு 'குறியிறை' என்ற அடை நன்றாகவே புரியும்.

பேச்சில் எறவாணத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து அது. கருக்கரிவாள், குடைக்கம்பி, ரேஷன் கார்டு எல்லாம் 'எறவாணத்துல சொருகி' வைக்கப்பட்ட வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். கான்கிரீட் வந்ததும் அந்தச் சந்து போயிற்று, சொல்லும் மெல்ல ஒதுங்கிக்கொண்டது. சன்ஷேடு என்பதை இறவாரம் என்று சொல்ல முடியாது. அது சன்னலுக்கு மேலே நீட்டிய பலகம், கூரையின் பகுதி அல்ல.

சரி, போர்டிகோவுக்கு வருவோம். இது இத்தாலியச் சொல், வாயிலைக் குறிக்கும் 'போர்த்தா' என்ற இலத்தீன் சொல் அதன் மூலம். இதற்கு 'முன்றில்' என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல், முன், இல் இரண்டும் சேரும்போது நடுவில் றகரம் எப்படி வருகிறது என்று தொல்காப்பியமே விதி சொல்கிறது. ஆனால் முன்றில் வீட்டுக்கு முன் உள்ள இடம், திறந்த வாசல். மேலே கூரை இருக்க வேண்டும் என்ற பொருள் அதில் இல்லை. அதே 129ஆம் பாட்டில் குறவர்கள் குரவைக் கூத்து ஆடுவது 'வேங்கை முன்றில்' என்று வருகிறது. மேலே இருப்பது வேங்கை மரம், கூரை அல்ல. ஆகவே ஓடு வேய்ந்த முகப்புக்கு முன்தாழ்வாரம் என்பதே பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன். வண்டி நிற்பதற்காக இறக்கினாலும் அது முன்தாழ்வாரம்தான்.

'ஓடு மேய்தல்' என்பதில் மேய்தல் தவறு என்று திருத்துகிறவர்கள் உண்டு. வேய்தல்தான் மூலம். வானம் மானமாகி 'மானம் பார்த்த பூமி' என்று நம் பக்கம் சொல்வதைப் போல வேய்தல் மேய்தலாயிற்று. இரண்டும் அகராதியில் இருக்கின்றன, இரண்டையும் எழுதலாம். ஓடு என்பதற்கு மேலே மூடிக் காக்கும் கெட்டியான தோல் என்று பொருள்: ஆமை ஓடு, முட்டை ஓடு, மண்டை ஓடு. நாட்டு ஓடு குயவர் சக்கரத்தில் பிறந்தது. சீமை ஓடு என்கிற மங்களூர் ஓடு, பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது. கடலுக்கு அப்பாலிருந்து வந்ததாகக் கருதிய எதற்கும் சீமை என்று முன்னொட்டுப் போடுவது அந்தக் கால வழக்கம்.

ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பர் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எல்லோரும் இதை ஆங்கிலம் என்று நினைக்கிறோம். இங்கிலாந்துத் தச்சரிடம் கேட்டால் தெரியாது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் மராத்தியின் 'ரீப்' என்ற சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டது அது. மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கில வேடத்தில் நம் மரக்கடைக்கு வந்துவிட்டது. தமிழில் வரிச்சல் அல்லது வரிச்சு. கூரைச் சரிவோடு இறங்கும் கைமரத்தின் குறுக்கே வரி வரியாக அடிப்பதால் அந்தப் பெயர். இன்று மரத்துக்குப் பதில் இரும்புச் சதுரக் குழாய் வைத்துப் பற்றவைக்கிறார்கள். அதையும் வரிச்சல் என்று சொல்லத் தடை எதுவும் இல்லை, அது செய்கிற வேலை மாறவில்லை.

ஓடு மேயும் வேலை இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி ஏறும். கீழ் வரிசை ஓட்டின் மேல் அடுத்த வரிசை ஏறி உட்கார வேண்டும் என்பதால் வேறு வழியில்லை. இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. மேல் வரிசை ஓடு ஒவ்வொன்றும் மூக்கை வரிச்சலில் மாட்டிக்கொண்டு, வால் பக்கத்தைக் கீழ் ஓட்டின் முதுகில் வைத்துக்கொள்கிறது. முதல் வரிசைக்கு அந்த முதுகு கிடையாது. அதனால் இறவார முனையில் வரிச்சலை இரட்டையாக அடித்து, ஒரு ஓட்டின் தடிமனுக்கு உயர்த்துவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் முதல் வரிசை மட்டும் தலைகுனிந்து நிற்கும், இரண்டாம் வரிசை அதில் சரியாகப் படியாது, அந்த இடைவெளியில் காற்று நுழையும். மலைமேல் இந்த முதல் வரிசையைக் கம்பியால் கட்டச் சொல்லிவிடுவது நல்லது.

சரிவின் அளவுக்குக் கொத்தனார் சொல்லும் சொல் வாட்டம். 'வாட்டம் பத்தலை' என்றால் தண்ணீர் ஓடாமல் தங்கும் என்று பொருள். சீமை ஓட்டுக்குக் கிடைமட்டத்தில் இரண்டு அடிக்கு ஒரு அடி இறக்கமாவது வேண்டும். சேலத்துக்கு அது போதும். சாரல் பக்கவாட்டில் அடிக்கிற ஏற்காட்டில் இன்னும் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு சொல்லை மீட்டெடுக்க ஆசை. தாழ்வாரத்தின் சரிவும் வீட்டின் பழைய கூரைச் சரிவும் மூலையில் சேரும் இடத்துக்கு 'வேலி' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அது valley என்ற ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. படிப்பவருக்கு முள்வேலிதான் நினைவுக்கு வரும். தமிழில் அதற்குக் கூடல்வாய் என்று பெயர். இரண்டு சரிவுத் தண்ணீரும் அங்கேதான் கூடும், ஒழுகினால் அங்கேதான் முதலில் ஒழுகும். மதிப்பீட்டில் 'கூடல்வாய்க்குத் தகடு' என்று தனி வரியாக எழுதி வாங்குங்கள்.