குழாய்ச் சொட்டு ஏன் மேலே ஏறுகிறது?

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை கேட்டிருந்தார்: "எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க டெங்கு விழிப்புணர்வுக்கு அரை நிமிட அனிமேஷன் படம் எடுக்கறாங்க. துணிய வெட்டி, அட்டை மேல வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, செல்போன்ல ஒவ்வொரு போட்டோவா எடுத்தோம். குழாயிலிருந்து சொட்டு கீழ வர்ற மாதிரிதான் நகர்த்துனோம். ஓட்டிப் பார்த்தா தண்ணி மேல ஏறுதுங்க. படம் வேற மினுக் மினுக்னு அடிக்குது. எங்க தப்பு?"

மினுக்கலுக்குக் காரணம் விளக்கும் கேமராவும். அதைப் பிறகு பார்ப்போம். சொட்டு மேலே ஏறுவதற்குப் போட்டோக்களில் தேடினால் காரணம் கிடைக்காது. படங்கள் சரியான வரிசையில்தான் இருக்கின்றன. ஏற்றிவிடுவது பார்க்கிறவரின் மூளை.

நின்ற படங்கள் ஏன் ஓடுவதாகத் தெரிகின்றன என்று கேட்டால், "பார்வை நீட்டிப்பு, ஒரு பிம்பம் விழித்திரையில் 1/16 நொடி தங்கும்" என்ற பதிலைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். கொஞ்சம் யோசித்தால் அது போதாது என்று தெரியும். முந்தைய படம் கண்ணில் தங்கியிருந்தால் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தானே தெரிய வேண்டும்? வரிசையாகப் பத்துச் சொட்டுகள் தெரியலாம், ஓடும் ஒரு சொட்டு தெரியக் காரணமில்லை. பிம்பம் சற்று நீடிப்பது படம் விட்டுவிட்டு மின்னாமல் இருக்க உதவும். அசைவு என்பது வேறு கணக்கு. அந்தப் பழைய விளக்கத்தைப் பாடங்களிலிருந்து எடுத்துவிடும் காலம் எப்போதோ வந்துவிட்டது என்பது என் கருத்து.

1912-இல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. இரண்டு கோடுகளை, சற்றுத் தள்ளித் தள்ளி, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். இடைவெளி சுமார் 200 மில்லிநொடி இருந்தால் இரண்டு தனித்தனிக் கோடுகள். 30 மில்லிநொடிக்குக் குறைந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்பதுபோல் தெரியும். நடுவே, 60 மில்லிநொடி வாக்கில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது. நகர்ந்த கோடு என்று அங்கே எதுவுமே கிடையாது. நொடிக்கு 12 படம் என்றால் ஒரு படத்துக்கு 83 மில்லிநொடி, அசைவு பிடிபடும் எல்லைக்குள் இருக்கிறது. நொடிக்கு 5 படம் போதும் என்று சோம்பினால் சரியாக 200-இல் போய் நிற்கும். ஆல்பம் புரட்டுவதுபோல் தட்டுத்தடுமாறும். வெளிச்சம், நகரும் தூரம் இவற்றைப் பொறுத்து எல்லைகள் கொஞ்சம் மாறும் என்றாலும் கணக்கு இதுதான்.

அசைவைக் காண்பது மூளையில் தனி வேலை என்பதற்கு 1983-இல் ஜெர்மனியில் பதிவான ஒரு நோயாளியே சான்று. மூளையின் பின்புறம் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு நிறமும் உருவமும் தெரிந்தன, அசைவு தெரியவில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்து நிற்பதாகத் தெரியும். மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியாது.

இப்போது சொட்டுக்கு வருவோம். மூளைக்குக் கிடைப்பது இரண்டு படங்கள். முதல் படத்தில் நான்கு சொட்டு, இரண்டாவதிலும் நான்கு சொட்டு. முதல் படத்தின் எந்தச் சொட்டு இரண்டாவதில் எங்கே போனது? எந்தச் சொட்டிலும் பெயர் எழுதவில்லை. ஒரே சீருடையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள், நீங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் இடம் மாறிவிட்டால் யார் எங்கே நகர்ந்தார் என்று எப்படிச் சொல்வீர்கள்? பக்கத்தில் இருப்பவர்தான் கொஞ்சம் நகர்ந்திருப்பார் என்று முடிவு கட்டுவீர்கள். மூளையும் அதையே செய்கிறது. முந்தைய படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அடுத்த படத்தில் அதற்கு மிக அருகில் இருக்கும் புள்ளியோடு சேர்த்துவிடுகிறது.

எண்களாகப் பாருங்கள். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே 20 மி.மீ. வைத்திருக்கிறீர்கள். படத்துக்கு 5 மி.மீ. கீழே நகர்த்தினால், மிக அருகில் இருப்பது அதே சொட்டுதான். தண்ணீர் ஒழுங்காகக் கீழே வரும். 10 மி.மீ. நகர்த்தினால் மேலே 10, கீழே 10. எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் சொட்டுகள் துடிக்கும். 15 மி.மீ. நகர்த்தினால் கதையே மாறிவிடும். தன் சொட்டு 15 மி.மீ. கீழே போயிருக்கிறது, ஆனால் மேலேயிருந்து வந்த சொட்டு பழைய இடத்துக்கு 5 மி.மீ. மேலே நிற்கிறது. அருகில் இருப்பது அதுதானே? மூளை அதைப் பிடித்துக்கொள்ளும். படத்துக்குப் படம் 5 மி.மீ. மேலே ஏறும் தண்ணீரைப் பார்ப்பீர்கள். சரியாக 20 நகர்த்தினால் ஒழுகுகிற குழாய் ஆணியடித்ததுபோல் நின்றுவிடும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதும் இதே கணக்கில்தான், ஆரக்கால்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால்.

சரி, ஒரு சொட்டுக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தால்? எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான், பெரும்பாலும் பலிக்காது. இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையில் நிறத்தையும் வடிவத்தையும்விட அருகாமைக்கே மதிப்பு அதிகம். சிவப்பு வட்டத்தையும் சற்றுத் தள்ளிப் பச்சை வட்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினால், ஒரே வட்டம் பாதி வழியில் நிறம் மாறியபடி நகர்வதாகத்தான் தெரியும். வட்டம் சதுரமானாலும் அப்படியே. எனக்கு அறிவியலில் மிகப் பிடித்த சங்கதிகளில் இது ஒன்று. ஒரு பொருள் நிறம் மாறியது என்றுகூட மூளை நம்பும், அது சட்டென்று தூரம் தாண்டியது என்று நம்பாது.

ஆகவே வழி நகர்த்தும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரே மாதிரிப் பொருள்கள் வரிசையாக ஓடும் இடத்தில், ஒரு படத்துக்கு அவற்றின் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகர்த்தாதீர்கள். வேகம் வேண்டுமென்றால் சொட்டை நீளவாக்கில் இழுத்து வெட்டி, முந்தைய இடத்தின்மேல் சற்று ஏறும்படி வையுங்கள். எறும்பு வரிசை, கொசுக் கூட்டம், பேருந்துச் சக்கரம் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

ஒழுகும் குழாய்க்கு இதைவிட நல்ல வழியும் உண்டு: ஒரு நேரத்தில் ஒரு சொட்டு மட்டும். உண்மையில் விழும் சொட்டு சீராக விழாது, வேகம் கூடிக்கொண்டே போகும். சம நேரங்களில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் வளரும், கலிலியோ கண்டது. நொடிக்கு 12 படம் என்றால் முதல் படத்தில் 3.4 செ.மீ., அடுத்து 10.2, பிறகு 17, பிறகு 23.8. நான்கே படத்தில் 54 செ.மீ. இறங்கி, குழாய்க்கடியில் இருக்கும் தண்ணீர் டிரம்மைத் தொட்டுவிடும். உங்கள் காட்சி பத்தில் ஒரு பங்கு அளவு என்றால் செ.மீ.யை மி.மீ. ஆக்குங்கள், அவ்வளவுதான், ஏ3 தாளில் தாராளமாக அடங்கும். விழ 4 படம், குழாய் வாயில் அடுத்த சொட்டு மெல்லப் பருக்க 8 படம், ஆக 12 படத்தில் ஒரு நொடி. அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். சமதூரத்தில் நகர்த்திய சொட்டு நூலில் கட்டி இறக்கியதுபோல் தெரியும். 1, 3, 5, 7 வைத்த சொட்டுக்கு எடை வந்துவிடும்.

படத்தில் டிரம்மைத் தேய்த்துக் கழுவும் காட்சியும் வர வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்தப் பிரஷுக்கு வேறு அளவு. கை இரண்டு முனையிலும் நின்று திரும்பும், நடுவில் வேகமாக ஓடும். 60 மி.மீ. வீச்சுக்கு ஆறு நகர்த்தல்: 4, 10, 16, 16, 10, 4. திரும்பி வரவும் அதே. பத்துப் பத்தாக நகர்த்தினால் மழைக்காலத்தில் கார்க் கண்ணாடி துடைப்பான் ஓடுவதுபோல் உயிரில்லாமல் இருக்கும்.

மினுக்கலுக்கு வருவோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது, மலிவான எல்இடி பல்புகளும் அப்படியே. கேமரா ஷட்டர் 1/60 நொடி திறந்தால் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் பிடிக்கும். ஒரு போட்டோவில் வெளிச்சமான பாதி, அடுத்ததில் மங்கலான பாதி. 1/50 வைத்தால் எப்போது அழுத்தினாலும் முழுசாக இரண்டு சுற்று. கேமராவின் புரோ மோடில் (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் வசதி) ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வெள்ளைச் சமன் (நிறச் சாயல்), ஃபோகஸ் நான்கையும் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். அந்த மோடு இல்லாத போனில், திரையில் காட்சியை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு போட்டோவுக்கும் போன் புதிதாக யோசிக்கும். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளை குனிந்தாலே படம் ஒரு படி கறுக்கும். நகர்த்துகிறவர் அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளட்டும்.

ஜன்னலை அடைத்துவிடுங்கள், மேகம் நகர்ந்தாலும் தெரியும். விளக்கு இரண்டு, இரு பக்கமும் 45 டிகிரி சாய்வில். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போடும்போது மங்கும் பல்பை நம்பாதீர்கள். எரியும் விளக்கைப் போன் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தால் அந்த விளக்கு வேண்டாம். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும், ஒரு நூல் அசைந்தாலும் படத்தில் துள்ளும். போனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து அதிர்ந்தால் சட்டகமே நகர்ந்துவிடும். திரையைத் தொடாமல், ஒயர் ஹெட்போனின் வால்யூம் பொத்தானால் போட்டோ எடுக்கலாம், பல போன்களில் வேலை செய்யும். போனை நிறுத்த இரண்டு ஸ்டூலும் துளையிட்ட பலகையும் போதும்.

திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் துணிக்குப் பஞ்சமில்லை, கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆனால் சிங்கிள் ஜெர்சி (டி-சர்ட் தைக்கும் மெல்லிய பின்னல் துணி) வேண்டாம். வெட்டியதும் ஓரம் சுருளும், சுருண்ட ஓரத்தின் நிழல் படத்துக்குப் படம் மாறும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் இன்டர்லாக் பின்னல் துணி சுருளாது. எதுவானாலும் மெல்லிய அட்டையில் ஒட்டிக் காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

குரலை முதலில் பதியுங்கள், படம் பிறகு. அரை நிமிடத்துக்கு 360 படம். ஒவ்வொரு சொல்லும் எத்தனையாவது நொடியில் தொடங்குகிறது என்று குறித்து 12-ஆல் பெருக்கினால் எந்தப் படத்தில் என்ன நடக்க வேண்டும் என்ற அட்டவணை கிடைத்துவிடும். 45 சொற்களுக்கு மேல் போகாதீர்கள். எதிரொலி இல்லாமல் பதிய, துணி அடுக்கிய பீரோவின் கதவைத் திறந்து அதன் முன்னால் நின்று பேசினால் போதும்.

என்ன பேசுவது? "கொசுவை ஒழிப்போம், டெங்குவைத் தடுப்போம்" என்று முடியும் படங்கள் ஏராளம். பார்த்தவர் எழுந்து போய் எதைச் செய்வார்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதைவிட, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் ஒட்டித்தான் இடுகிறது. மிளகைவிடப் பல மடங்கு சிறிய கறுப்புப் புள்ளிகள். தண்ணீரைக் கொட்டினாலும் அவை போகாது; காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். குடிநீர் சில நாளுக்கு ஒருமுறை வரும் ஊர்களில் டிரம்மில் பிடித்து வைக்காமல் முடியாது. அதனால் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, அதையும் பாட்டி பேசுகிற மாதிரியே சொல்லலாம்: "தண்ணி மாத்துனா மட்டும் பத்தாதுங்க. வாரம் ஒருக்கா டிரம்மு உள்பக்கத்த நல்லாத் தேய்ச்சுக் கழுவோணும்." தண்ணீர் இறங்கியும் புள்ளிகள் சுவரில் நிற்பதை மூன்று நொடி அசையாமல் காட்டுங்கள், அதற்குப் பிறகு பிரஷ் வரட்டும். அந்த மூன்று நொடிக்குத் தேவை ஒரே ஒரு போட்டோதான், அதை 36 படமாக நீட்டிக்கொள்ளலாம்.

இதற்கு ஆகும் செலவு இரண்டு விளக்கும் ஒரு பலகையும். விழிப்புணர்வுப் போட்டிகளுக்குக் கேடயமும் பிளக்ஸும் அடிக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பள்ளிகளுக்கு இந்தச் சாமான்களாக வாங்கிக் கொடுத்தால் ஆண்டு முழுக்கப் பயன்படும். மென்பொருளுக்குக் காசு வேண்டியதில்லை: கணினியில் பென்சில்2டி, போனில் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு. முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் வசதியை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள், மி.மீ. அளவு அதில்தான் பிடிபடும்.

கடைசியாக, படத்தைச் செயலியிலிருந்து வீடியோவாக எடுக்கும்போது (எக்ஸ்போர்ட்) நொடிக்கு 24 படம் என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை வரும். 30 என்று விட்டால் 12 அதில் சரியாக வகுபடாது. ஒரு படம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறி மாறி வந்து, பார்த்துப் பார்த்து வைத்த 1, 3, 5, 7 கெட்டுவிடும். உங்கள் செயலியில் 30 மட்டும்தான் உண்டு என்றால் ஆரம்பத்திலேயே நொடிக்கு 15 படம் என்று திட்டமிடுங்கள், அப்போது அதே பத்தில் ஒரு பங்கு அளவில் சொட்டுக்கு முதல் படத்தில் 2.2 மி.மீ., அடுத்து 6.5, 10.9, 15.2, ஐந்தாவதில் 19.6. உள்ளூர் கேபிள் சேனல் 25 கேட்டால் 24-ஐ அப்படியே 25-ஆக வேகப்படுத்தித் தரலாம். 30 நொடிப் படம் 28.8 நொடியாகும், பாட்டியின் குரல் ஒரு இழை மெலியும்.